ஆப்பிரிக்க யானை கிளிப்பை உங்கள் வீடியோவில் சேர்ப்பது எப்படி: தேடுவதிலிருந்து வெளியிடுவது வரை

கோவைப் பக்கம் யானை ஊருக்குள் வந்துவிட்டது என்று ஒரு செய்தி வீடியோ ஓடும், பின்னணியில் போட்டிருக்கும் கிளிப்பைப் பார்த்தால் தோள் முழுக்க மறைக்கும் காதோடு கென்யா யானை நடந்துகொண்டிருக்கும். இதை அடிக்கடி பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் வருத்தமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் எடிட் செய்தவர் மெனக்கெட்டிருப்பார், இசை நன்றாக இருக்கும், எழுத்து நன்றாக இருக்கும், யானை மட்டும் தப்பாக இருக்கும். ஆப்பிரிக்கா பற்றிய வீடியோவில் நம் ஊர் யானை வந்து நிற்பதும் நடக்கிறது.

ஒரு கிளிப்பில் இருப்பது எந்த யானை, எந்த இடம், அது என்ன செய்துகொண்டிருக்கிறது, இந்த மூன்றையும் தெரிந்துகொண்ட பிறகுதான் டைம்லைனில் போட வேண்டும் என்பது என் கருத்து. தெரிந்துவிட்டால் எங்கே வெட்டுவது, என்ன சத்தம் வைப்பது, கலரை எவ்வளவு தொடுவது எல்லாம் பாதி தானாகவே முடிவாகிவிடும். பள்ளி புராஜெக்ட், யூடியூப் விளக்க வீடியோ, ரீல்ஸ், குறும்படம் எதுவானாலும் வேலை ஒன்றுதான். வரிசையாகச் சொல்கிறேன்.

1. எந்த யானை என்று பாருங்கள்

ஆசிய யானைக்கும் ஆப்பிரிக்க யானைக்கும் வித்தியாசம் கேட்டால் எல்லோரும் காதைச் சொல்வார்கள். சரிதான், ஆனால் கிளிப்பில் காது எப்போதும் தெளிவாகத் தெரியாது. முதுகைப் பாருங்கள்: ஆப்பிரிக்க யானைக்கு நடு முதுகு பள்ளமாக இறங்கி இருக்கும், ஆசிய யானைக்கு முதுகு மேடாக வளைந்திருக்கும். தலையைப் பாருங்கள்: நம் யானைக்கு உச்சியில் இரண்டு மேடு, ஆப்பிரிக்க யானைக்கு ஒரே சரிவு. க்ளோஸ் அப்பில் துதிக்கை நுனி மட்டும்தான் தெரிகிறது என்றாலும் கண்டுபிடித்துவிடலாம், ஆப்பிரிக்க யானைக்கு நுனியில் விரல் மாதிரி இரண்டு நீட்சி இருக்கும், நம்முடையதற்கு ஒன்றுதான்.

நாம் அதிகம் ஏமாறுவது தந்தத்தில். தந்தம் இருந்தால் ஆண், இல்லாவிட்டால் பெண் அல்லது மக்னா (தந்தமில்லாத ஆண்) என்று சின்ன வயதிலிருந்தே நமக்குப் பழக்கம். ஆப்பிரிக்காவில் பெண் யானைக்கும் தந்தம் உண்டு. தந்தத்தோடு ஒரு பெரிய யானை குட்டியைக் கூட்டிக்கொண்டு போகும் கிளிப்பைப் போட்டுவிட்டு "தந்தை யானை தன் குட்டியுடன்" என்று வாய்ஸ் ஓவர் பேசுவார்கள், அது அநேகமாகத் தாயாகவோ கூட்டத்தின் வேறொரு பெண் யானையாகவோ இருக்கும், ஏனென்றால் வளர்ந்த ஆண் யானைகள் பெண்களும் குட்டிகளும் இருக்கும் கூட்டத்தோடு நிரந்தரமாக இருப்பதில்லை. சந்தேகம் வந்தால் நெற்றியைப் பக்கவாட்டில் பாருங்கள். ஆணுக்கு உருண்டு வளைந்திருக்கும், பெண்ணுக்குக் கோணமாக மடிந்திருக்கும். ஆப்பிரிக்க யானை தந்தமே இல்லாமல் தெரிந்தால் அது பெரும்பாலும் பெண்தான். மொசாம்பிக்கின் கொரொங்கோசா தேசியப் பூங்காவில் 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் தந்தத்துக்காக யானைகளைக் கொன்று குவித்தார்கள், தந்தமில்லாத பெண் யானைகள் அதிகம் தப்பிப் பிழைத்தன, அவற்றின் வாரிசுகளில் தந்தமில்லாத பெண்கள் கூடிவிட்டார்கள். அந்த ஊர் கிளிப் கிடைத்தால் அதற்குள் இப்படி ஒரு கதையே இருக்கிறது.

இன்னொன்று, ஆப்பிரிக்க யானை ஒரே இனம் கிடையாது. புல்வெளியில் வாழும் சவானா யானை, மத்திய, மேற்கு ஆப்பிரிக்காவின் அடர்ந்த காடுகளில் வாழும் மழைக்காட்டு யானை என்று இரண்டு. மழைக்காட்டு யானை உருவத்தில் சிறியது, காது உருண்டையாக இருக்கும், தந்தம் மெலிதாக நேரே கீழ்நோக்கி இறங்கும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன் 2021 மார்ச்சில் இரண்டின் அழிவு ஆபத்தையும் முதல்முறையாகத் தனித்தனியே மதிப்பிட்டது. "காங்கோ காடு" என்று பேசும்போது பின்னால் கென்யாவின் அம்போசெலி புல்வெளி ஓடினால் விஷயம் தெரிந்தவர் அங்கேயே வீடியோவை மூடிவிடுவார்.

2. இடத்தின் பெயரை வைத்துத் தேடுங்கள்

ஆயத்தக் கிளிப்புகள் கிடைக்கும் ஸ்டாக் தளத்தில் போய் வெறும் யானை என்று ஆங்கிலத்தில் அடித்தால் எல்லோருக்கும் வரும் அதே கிளிப்புகள்தான் உங்களுக்கும் வரும். இடத்தின் பெயரைச் சேர்த்துத் தேடுங்கள், அப்போதுதான் வேலைக்கு ஆகும்.

பின்னால் பனி மூடிய மலை வேண்டுமானால் கென்யாவின் அம்போசெலி. அந்த மலை கிளிமஞ்சாரோ, 5,895 மீட்டர், அது நிற்பது தான்சானியாவில். ஆகவே "கென்யாவின் கிளிமஞ்சாரோ" என்று எழுதிவிடாதீர்கள். செங்கல் நிறத்தில் யானை வேண்டுமானால் கென்யாவின் சாவோ, அங்கே மண் சிவப்பு, யானைகள் அதை மேலே வாரிப் போட்டுக்கொண்டு சிவந்து நிற்கும். சாம்பல் பூசியது போல வெளுத்த யானை நமீபியாவின் எட்டோஷாவில் கிடைக்கும். ஆற்றைக் கடப்பது, நீந்துவது, படகு மட்டத்திலிருந்து எடுத்த காட்சி எல்லாம் போட்ஸ்வானாவின் சோபே ஆற்றில் நிறைய. நமீபியாவிலேயே வறண்ட ஹோனிப் ஆற்றுப்படுகையில் பாலைவனத்தில் பிழைத்துக்கிடக்கும் யானைகள் உண்டு. மழைக்காட்டு யானைகள் திறந்த வெளியில் கூட்டமாக நிற்கும் காட்சி வேண்டும் என்றால் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் சாங்கா பாய் என்ற வெட்டவெளி, உப்புச்சத்துக்காக அங்கே வந்து மண்ணைக் கிளறும்.

ஜிம்பாப்வேயின் மானா பூல்ஸில் ஒரு யானை பின்னங்காலில் எழுந்து நின்று மரக்கிளையை எட்டுவது போல கிளிப் பார்த்தால் சர்க்கஸ் என்றோ ஏஐ என்றோ ஒதுக்கிவிடாதீர்கள். அங்கே சில காட்டு ஆண் யானைகள் உண்மையிலேயே அப்படிச் செய்கின்றன.

ஏஐ தயாரித்த கிளிப்புகளும் இப்போது தேடலில் கலந்துதான் வருகின்றன. வடிகட்டும் வசதி இருந்தால் முதலில் அதைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் மெதுவாக ஓட்டி, நடக்கும்போது கால்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைகிறதா, துதிக்கை நுனி ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறுகிறதா, காலடியில் புழுதி கால் பட்ட இடத்திலிருந்து கிளம்புகிறதா என்று பாருங்கள்.

3. உரிமை இருக்கிறதா

சலிப்பான பகுதிதான், ஆனால் சேனலைக் காப்பாற்றுவது இதுதான். தொலைக்காட்சி ஆவணப்படத்திலிருந்து வெட்டி எடுத்துப் போட்டுவிட்டு "நன்றி" என்று எழுதினால் அனுமதி வாங்கியதாக ஆகாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 52 விமர்சனத்துக்கும் செய்திக்கும் சில விதிவிலக்குகள் தருகிறது என்பது உண்மை. ஆனால் உங்கள் வீடியோவை அழகாக்க யாரோ எடுத்த காட்சியை அள்ளிப் போடுவது அதில் அடங்காது.

இலவசமாகத் தொடங்க பெக்சல்ஸ், பிக்சாபே போதும். கிரெடிட் கட்டாயமில்லை, வணிகப் பயன்பாட்டுக்கும் விடுகிறார்கள், கிளிப்பை அப்படியே விற்கக் கூடாது. விக்கிமீடியா காமன்ஸில் கிடைப்பவை பெரும்பாலும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கும். சிசி0 என்றால் கவலையில்லை, சிசி பை என்றால் எடுத்தவர் பெயர் போட வேண்டும். சிசி பை-எஸ்ஏ கொஞ்சம் கவனிக்க வேண்டியது, அதை வெட்டி ஒட்டி உருவாக்கியதை நீங்களும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். வேறு தளங்களில் என்சி (வணிகப் பயன்பாடு கூடாது) என்ற எழுத்து இருந்தால் விளம்பர வருமானம் வரும் சேனலுக்கு எடுக்காமல் விடுவதே நல்லது, என்டி இருந்தால் எடிட்டே செய்யக் கூடாது, ஆகவே நமக்கு அது உதவாது.

காசு கொடுத்து வாங்கும் தளங்களில் ராயல்டி ஃப்ரீ என்று போட்டிருப்பதை இலவசம் என்று நினைத்துக்கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒருமுறை பணம் கட்டினால் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனியாகக் கட்டத் தேவையில்லை என்பதுதான் அதன் பொருள். கிளிப்பின் கீழே எடிட்டோரியல் மட்டும் என்று இருந்தால் செய்திக்கும் விளக்கத்துக்கும் பயன்படுத்தலாம், துணிக்கடை விளம்பரத்துக்குக் கூடாது.

டவுன்லோடு செய்யும் அன்றே ஒரு ஷீட்டில் கிளிப்பின் லிங்க், எடுத்தவர் பெயர், உரிமம், தேதி நான்கையும் எழுதிவையுங்கள், உரிமம் தெரியும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள். தளங்கள் விதிகளை மாற்றும், பிக்சாபேகூட 2019 வரை சிசி0 என்று இருந்து பிறகு சொந்த உரிமத்துக்கு மாறியது. அப்புறம், தியேட்டருக்குப் போகும் படம் என்றால் விலங்கு வரும் காட்சிகளுக்கு இந்திய விலங்கு நல வாரியத்தின் சான்று தணிக்கையில் கேட்பார்கள், அந்த யானையை நீங்கள் படம்பிடிக்கவில்லை, வாங்கிய கிளிப் என்று காட்ட ரசீது கையில் இருக்க வேண்டும்.

நேரே போய் எடுக்கும் வாய்ப்பு இருந்தால் நல்லதுதான், ஆனால் தேசியப் பூங்காக்களில் வணிகப் படப்பிடிப்புக்குத் தனி அனுமதி வேண்டும், தென்னாப்பிரிக்க, கென்யப் பூங்காக்களில் அனுமதியில்லாமல் ட்ரோன் பறக்கவிடவே முடியாது. ட்ரோன் சத்தம் யானைகளைக் கலைத்துவிடும் என்பதால் அந்தத் தடை எனக்கு முழுச் சம்மதம்.

4. யானை என்ன செய்கிறது

எனக்கு மிகவும் பிடித்த பகுதி, பலர் தாண்டிப் போய்விடும் பகுதியும் இதுதான். கிளிப்பைச் சத்தமில்லாமல் முழுதாக ஓட்டிப் பாருங்கள்.

கண்ணுக்கும் காதுக்கும் நடுவே, கன்னத்தில், கறுப்பாக ஈரக்கோடு ஒன்று வழிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். "யானை அழுகிறது" என்று தலைப்புப் போட்டு லட்சக்கணக்கில் பார்வை வாங்கும் வீடியோக்கள் எல்லாம் அந்தக் கோட்டை நம்பித்தான். அது கண்ணீர் கிடையாது, கண்ணுக்குப் பின்னால் இருக்கும் சுரப்பியிலிருந்து வருவது. ஆண் யானைக்கு மதம் பிடித்திருக்கும்போது கெட்டியாக வழியும், அதைத்தான் மதநீர் என்கிறோம், கூடவே சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கும். ஆப்பிரிக்க யானைகளில் பெண்ணுக்கும் குட்டிக்கும்கூட அந்தச் சுரப்பி கசியும், பதற்றத்திலும் கசியும், சந்தோஷத்திலும் கசியும். ஆகவே கோடு தெரிந்தால் மதம் பிடித்த யானை என்றும் உடனே எழுதிவிட முடியாது.

காதை மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தால் உடம்புச் சூட்டைத் தணிக்கிறது, காதில் ஓடும் ரத்தக்குழாய்கள் வழியாக வெப்பம் வெளியேறும். காதை அகலமாக விரித்து, தலையைத் தூக்கி, உங்களையே பார்த்து நின்றால் எச்சரிக்கை. விரித்த காதோடு பிளிறிக்கொண்டு ஓடி வந்து பாதியில் நின்றுவிடுவது பெரும்பாலும் மிரட்டல் ஓட்டம். உண்மையான தாக்குதலில் அநேகமாகக் காது பின்னால் ஒட்டியிருக்கும், துதிக்கை உள்ளே சுருண்டிருக்கும், சத்தமும் அவ்வளவு இருக்காது. மிரட்டல் ஓட்டத்தை எடுத்து "வெறிபிடித்த யானை" என்று போடுவது அந்த விலங்குக்குச் செய்யும் அநியாயம், அது உங்களை எட்டி நில் என்றுதான் சொல்லியிருக்கிறது.

இன்னொரு கிளிப் அடிக்கடி தவறாகப் போகிறது. யானைகள் ஒன்றை நோக்கி ஒன்று ஓடி வந்து, பிளிறி, சுற்றிச் சுழன்று, துதிக்கைகளைப் பின்னிக்கொண்டு, அந்த இடத்திலேயே சாணமும் சிறுநீரும் போட்டு ஒரே அமளியாக இருக்கும். இதற்கு மேல் அதிரடி இசை போட்டு கலவரம் என்று காட்டுகிறார்கள். கொஞ்ச நேரம் பிரிந்திருந்த சொந்தங்கள் மறுபடி சந்திக்கும்போது கொடுக்கும் வரவேற்பு அது. அம்போசெலியில் சிந்தியா மாஸ் 1972-ல் தொடங்கிய ஆய்வு இந்தக் குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்திருக்கிறது, யானைக் கூட்டத்தில் மூத்த பெண்தான் தலைவி என்பதையெல்லாம் நாம் இவ்வளவு விவரமாகத் தெரிந்துகொண்டது அப்படிப்பட்ட ஆய்வுகளால்தான்.

சுற்றுலாப் பயணி மேலே ஏறி உட்கார்ந்திருப்பது, காலில் சங்கிலித் தடம், அங்குசம், பின்னால் கம்பிவேலி, இதெல்லாம் தெரிந்தால் காட்டு யானை என்று சொல்லிக் காட்டாதீர்கள். நைரோபியில் பச்சைக் கோட்டு போட்டவர்கள் குட்டிகளுக்குப் பால் புட்டி கொடுக்கும் காட்சி நிறையக் கிடைக்கும், அது தாயை இழந்த குட்டிகளை வளர்த்துக் காட்டுக்கே திருப்பி அனுப்பும் ஷெல்ட்ரிக் அறக்கட்டளை. அந்தக் காட்சியைப் போட்டால் அந்த விவரத்தையும் சேர்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் பார்ப்பவர்கள் யானைக்குட்டி வீட்டில் வளர்க்கும் பிராணி என்று நினைத்துவிடுகிறார்கள்.

5. வெட்டும்போது

கிளிப் வேகத்தைக் கூட்டாதீர்கள். யானை எவ்வளவு வேகமாகப் போனாலும் ஒரு காலாவது தரையில் இருக்கும், குதிரை போல நாலுகால் பாய்ச்சல் அதற்கு இல்லை. வேகத்தை ஏற்றினால் உடனே பொம்மைத்தனம் தெரியும். ஸ்லோ மோஷன் பொருந்தும், உடம்பின் கனம் தெரியும், ஆனால் எல்லா ஷாட்டிலும் போட்டால் யானை தூங்கி வழிவது போல ஆகிவிடும். புழுதி பறக்கும் இடம், தண்ணீர் பீய்ச்சும் இடம், காது தோளில் வந்து மோதும் இடம், இவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். நொடிக்கு 50 ஃபிரேமில் எடுத்ததை 25 ஃபிரேம் டைம்லைனில் பாதி வேகத்துக்கு வைத்தால் சுத்தமாக ஓடும். 30 ஃபிரேமில் எடுத்ததை 25-ல் போடும்போது நடையில் சின்னச் சின்னத் தடுக்கல் வரும், பக்கவாட்டில் நடக்கும் ஷாட்டில் அது நன்றாகவே தெரியும், அப்படிப்பட்ட ஷாட்டைத் தவிர்த்துவிட்டு நிற்கும் ஷாட்டை எடுங்கள்.

ரீல்ஸுக்கு நெட்டுக்குத்தாக வெட்ட 4கே கிளிப்தான் வேண்டும். 3840-க்கு 2160 உள்ளதில் 9:16 வெட்டினால் 1215 அகலம் கிடைக்கும், 1080-க்கு அது தாராளம். முழு எச்டி கிளிப்பில் வெட்டினால் 607 பிக்சல்தான் மிஞ்சும், இழுத்துப் பெரிதாக்கினால் தோல் சுருக்கம் எல்லாம் மெழுகாகிவிடும். யானை அகலமான விலங்கு, பக்கவாட்டு ஷாட்டை நெட்டுக்குத்தில் அடைத்தால் வெறும் சாம்பல் சுவர்தான் தெரியும். நேராக நம்மை நோக்கி வருவது, கண் மட்டும், துதிக்கை மட்டும் என்று தேடுங்கள்.

ஒரே யானையின் கதை போலச் சொல்கிறீர்களா? அப்படியானால் காது ஓரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு யானைக்கும் காதில் கிழிசலும் ஓட்டையும் வெவ்வேறாக இருக்கும், ஆய்வாளர்கள் ஆளை அடையாளம் காண்பதே அதை வைத்துத்தான். முதல் ஷாட்டில் இடது தந்தம் உடைந்து, அடுத்த ஷாட்டில் இரண்டும் முழுதாக இருந்தால் யாராவது கமெண்டில் எழுதுவார்கள். திசை பொருந்தவில்லை என்று கிளிப்பைக் கண்ணாடி மாதிரித் திருப்பிப் போட்டாலும் இதே சிக்கல்தான், உடைந்த தந்தம் வலது பக்கம் போய்விடும்.

6. கலர்

குறைவாகத் தொடுங்கள். யானையின் நிறம் என்பது பெரும்பாலும் அந்த ஊர் மண்ணின் நிறம். சாவோ யானையின் சிவப்பை வண்ணப் பிழை என்று நினைத்து சாம்பலாக்கிவிட்டால் இடத்தின் அடையாளமே போய்விடும். வெள்ளைச் சமநிலை (ஒயிட் பேலன்ஸ்) பார்க்கத் தோலை நம்பாதீர்கள், தந்தத்தைப் பாருங்கள், அது லேசான மஞ்சள் கலந்த பால் நிறத்தில் தெரிந்தால் கிட்டத்தட்டச் சரி. தண்ணீரிலிருந்து ஏறிய யானை கறுப்பாகத்தான் இருக்கும், நிழலைத் தூக்கி வெளுக்க வேண்டாம்.

7. சத்தம்

இலவசக் கிளிப்புகளில் பெரும்பாலும் சத்தமே இருக்காது, இருந்தாலும் ஜீப் இன்ஜினும் கைடு பேசுவதும்தான். நாமே கட்ட வேண்டும்.

முதலில், காலடிக்கு "தொம் தொம்" வைக்காதீர்கள். யானையின் பாதத்துக்குள் மெத்தை போல கொழுப்புத் திசு இருக்கிறது, அவ்வளவு பெரிய உடம்பு புல்வெளியில் கிட்டத்தட்டச் சத்தமில்லாமல் போகும். காய்ந்த புல் நசுங்குவது, சருகு நொறுங்குவது, சின்னக் குச்சி ஒடிவது போதும். காது தோளில் படும்போது தோல் மேல் தோல் அடிக்கும் தட்டையான ஒரு சத்தம், துதிக்கை வழியாக வரும் நீண்ட மூச்சு, புல்லைப் பிடுங்கும்போது வேர் அறுபடும் சத்தம், இவற்றை வைத்துப் பாருங்கள், யானை பக்கத்தில் வந்து நிற்கும்.

பிளிறலை எல்லா இடத்திலும் கொட்டாதீர்கள். யானை அதிகம் பேசுவது குரல்வளையிலிருந்து வரும் ஆழ்ந்த உறுமலில்தான். அதன் அடிப்படை அதிர்வெண் ஏறக்குறைய 14 முதல் 35 ஹெர்ட்ஸ் வரை, மனிதக் காது 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்காது. 1984-ல் விலங்கு ஒலி ஆய்வாளர் கேட்டி பெய்ன் அமெரிக்காவின் போர்ட்லண்ட் உயிரியல் பூங்காவில் ஆசிய யானைகளுக்குப் பக்கத்தில் நின்றபோது காற்றில் ஒரு துடிப்பை உணர்ந்தார், காதால் கேட்கவில்லை. அதிலிருந்துதான் இந்த ஆய்வு கிளம்பியது, பிறகு யானை ஆய்வாளர் ஜாய்ஸ் பூலுடன் சேர்ந்து அம்போசெலியிலும் பதிவு செய்தார். இந்த ஒலி கிலோமீட்டர் கணக்கில் போகும்.

எடிட்டருக்கு இதில் என்ன வேலை என்றால், உங்கள் பார்வையாளர் போனில் பார்க்கிறார், போன் ஸ்பீக்கர் அவ்வளவு கீழே இறங்காது. உறுமல் ஒலியை வைத்துவிட்டு ஹெட்போனில் கேட்டு திருப்திப்பட்டால் போனில் ஒன்றுமே கேட்காது. அதே ஒலியின் நகல் ஒன்றை எடுத்து ஓர் ஆக்டேவ் மேலே ஏற்றி (அதாவது அதிர்வெண்ணை இரு மடங்காக்கி), லேசாக சாச்சுரேஷன் (மேல் அதிர்வெண்களைச் சேர்க்கும் எஃபெக்ட்) கொடுத்து, அடியில் மெல்லக் கலந்துவிடுங்கள். பிறகு போனிலேயே போட்டுக் கேளுங்கள்.

பின்னணிப் பறவையும் அந்த ஊருடையதாக இருக்கட்டும். நம் குயிலும் மயிலும் சவானாவில் கூவக் கூடாது. கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்கா என்றால் புறா வகைகள், ஹடேடா என்ற அரிவாள்மூக்கன், ஆற்றோரமானால் ஆப்பிரிக்க மீன்கழுகு என்று தேடி எடுங்கள்.

8. எழுத்தும் வெளியீடும்

எண்ணிக்கை சொல்வதானால் ஆண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2016-ல் வெளியான மாபெரும் யானைக் கணக்கெடுப்பு 18 நாடுகளில் 3,52,271 சவானா யானைகள் என்றது. அது விமானத்திலிருந்து எண்ணியது, மழைக்காட்டு யானைகள் அதில் இல்லை, ஆகவே ஆப்பிரிக்காவின் மொத்த எண்ணிக்கை என்று எழுதக் கூடாது. ஐயுசிஎன் 2021-ல் சொன்னது: சவானா யானை 50 ஆண்டுகளில் குறைந்தது 60 விழுக்காடு குறைந்திருக்கிறது, மழைக்காட்டு யானை 31 ஆண்டுகளில் 86 விழுக்காட்டுக்கு மேல்.

நீங்களே எடுத்த காட்சியானால் ஃபைலில் ஒட்டியிருக்கும் இருப்பிட விவரத்தை நீக்கிவிட்டு ஏற்றுங்கள். பெரிய தந்தமுள்ள யானை இன்று எந்தக் குட்டையில் நிற்கிறது என்று வேட்டைக்காரனுக்கு நாமே வழிகாட்டக் கூடாது. பூங்காவின் பெயர் போதும், நாளும் நேரமும் சரியான இடமும் வேண்டாம்.

உண்மை போலத் தெரியும் ஏஐ காட்சி எதையாவது சேர்த்திருந்தால் யூடியூபில் ஏற்றும்போது அதற்கான கட்டத்தில் டிக் செய்யுங்கள், 2024-லிருந்து அது விதி. கிரெடிட் வரியை விளக்கப் பகுதியில் இப்படி எழுதலாம்: "வீடியோ: எடுத்தவர் பெயர், விக்கிமீடியா காமன்ஸ், சிசி பை 4.0, வெட்டப்பட்டு வண்ணம் திருத்தப்பட்டது", கூடவே கிளிப்புக்கும் உரிமத்துக்கும் லிங்க். இத்தனைக்கும் பிறகு காப்பிரைட் கிளெய்ம் வந்தால் பதறி வீடியோவை அழித்துவிடாதீர்கள். கிளெய்ம் படத்துக்கா இசைக்கா என்று முதலில் பாருங்கள், படத்துக்கு என்றால் அந்த ஷீட்டிலிருக்கும் லிங்க், டவுன்லோடு தேதி, ஸ்கிரீன்ஷாட்டில் உள்ள உரிமத்தின் பெயர் எல்லாவற்றையும் எழுதி டிஸ்ப்யூட் போடுங்கள்.